சித்தப்பாவின் மாத்திரையும் கொரிய சோயா விழுதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொரியாவின் புளிக்கவைத்த சோயா உணவுகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்த கையோடு என் சித்தப்பா போன் செய்தார். "நீ அந்த ஊரில் மூணு வருஷம் இருந்தவள்தானே, இந்த சொங்குக்ஜாங் என்கிற சோயா விழுது சென்னையில் எங்கே கிடைக்கும்? ரத்தக் குழாயையே சுத்தம் செய்யுமாமே!" என்றார். அவருக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்து ஆறு வருடம் ஆகிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறார்.

அவரைப் போன்றவர்கள் தொடவே கூடாத ஒரு பண்டத்தைத்தான் கட்டுரை தலைமேல் தூக்கி வைத்திருக்கிறது. சொங்குக்ஜாங்கைப் புளிக்கவைக்கும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியா வைட்டமின் கே-2வை ஏராளமாக உண்டாக்கும். அசிட்ரோம், அதே வகை மருந்தான வார்ஃபரின் இரண்டும் வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கின்றன. ஒரு பக்கம் மாத்திரை தடுக்க, இன்னொரு பக்கம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கே போய்ச் சேர்ந்தால், ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு இறங்கிவிடும், வால்வில் ரத்தக்கட்டி பிடிக்கலாம். இதே பாக்டீரியாவால் ஆகும் நாட்டோ என்ற புளித்த சோயாவை ஜப்பானில் வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு மருத்துவர்களே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். புது வகை மாத்திரைகள் சிலவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் உலோக வால்வு வைத்தவர்களுக்கு அவற்றைக் கொடுப்பதில்லை. இரண்டு பக்கக் கட்டுரையில் இதற்கு ஒரு வரி கூடவா இடமில்லை?

நான் சோயாவுக்கு எதிரி இல்லை. என் கணவரின் வேலைக்காகத் தென்கொரியாவின் ஜொன்ஜு நகரில் குடியிருந்தபோது, வீட்டுக்காரப் பாட்டி குளிர்காலத்தில் சோயாவை வேகவைத்து, வைக்கோல் போட்டு மூடி, சூடேற்றிய தரையின் கதகதப்பான மூலையில் கம்பளி சுற்றி வைப்பார். இரண்டு மூன்று நாளில் கரண்டியால் அள்ளினால் பிசின் மாதிரி நூல் நூலாக வரும். வாசனை? அதை வாசனை என்று சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது. அதுதான் சொங்குக்ஜாங்.

டுவென்ஜாங் என்ற இன்னொரு சோயா விழுது வேறு கதை. வெந்த சோயாவை இடித்து, செங்கல் போலப் பிடித்து, வைக்கோல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறிய பிறகு மண்சாடியில் உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். மேலே கரித்துண்டு, காய்ந்த மிளகாய், இலந்தை மிதக்கும். ஒன்றரை, இரண்டு மாதத்தில் பிரித்தால் நீர் கன்ஜாங், அதாவது சோயா சாஸ். அடியில் நிற்கிற விழுது டுவென்ஜாங். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்த ஜாங், அதாவது சோயா விழுதும் சாஸும், போடும் கலையைத்தான். கட்டுரை சொங்குக்ஜாங்கையும் டுவென்ஜாங்கையும் ஒன்றாகக் குழப்பி எழுதியிருக்கிறது.

சரி, உடம்புக்கு என்ன செய்கிறது? கட்டுரையில் "சர்க்கரையை விரட்டும்" என்று இருக்கிறது. 2012இல் வெளியான கொரிய ஆய்வு ஒன்றில், எடை கூடிய ஐம்பது சொச்சம் பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு மட்டும் உலர்த்திய டுவென்ஜாங் தினமும் 9.9 கிராம் வீதம் 12 வாரம் கொடுத்தார்கள். எடை கொஞ்சம் இறங்கியது. குடலைச் சுற்றி இருக்கும் உள்கொழுப்பும் குறைந்தது. இது நல்ல செய்திதான், ஏனென்றால் சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் வழி போடுவது அந்தக் கொழுப்பு. ஆனால் இன்சுலின் எதிர்ப்பில், அதாவது உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாத நிலையில், தெரிந்த மாற்றம் கணக்கில் எடுக்கும் அளவுக்கு இல்லை. ஐம்பது பேர், மூன்று மாதம். இதை வைத்து "விரட்டும்" என்று எழுதினால், மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். புளிக்கும்போது சோயாவில் இயற்கையாக உள்ள ஐசோஃப்ளேவோன்கள் என்ற சேர்மங்கள், தம்மோடு ஒட்டியிருக்கும் சர்க்கரை மூலக்கூறு கழன்று, உடல் எளிதில் உறிஞ்சும் வடிவுக்கு மாறுகின்றன. புரதம் சின்னச் சின்னத் துண்டுகளாக உடைகிறது. பலன் அங்கிருந்து வரலாம். அதற்காக அது மருந்தாகிவிடாது.

அப்புறம் உப்பு. டுவென்ஜாங்கில் பத்தில் ஒரு பங்கு, வீட்டில் போட்டதில் அதற்கும் மேலே, உப்புதான். ஒரு மேசைக்கரண்டியில் இரண்டு கிராம் அளவுக்குப் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. கொரியர்கள் இதை மறைப்பதில்லை. 2010 வாக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 4,800 மில்லிகிராம் சோடியம், அதாவது சுமார் 12 கிராம் உப்பு, சாப்பிட்ட நாடு அது. அரசே இறங்கிப் பிரசாரம் செய்து வெகுவாகக் குறைத்திருக்கிறது. இன்னும் வரம்புக்கு மேல்தான். சாம்பார், ஊறுகாய், அப்பளம் எதையும் விடாமல் மேலே ஒரு கரண்டி டுவென்ஜாங் சேர்த்தால் பி.பி. என்ன ஆகும்? அந்தப் பாட்டி டுவென்ஜாங் குழம்பு வைத்தால் பூசணி, டோஃபு, காளான் என்று பாத்திரம் நிறையக் காய்தான் இருக்கும். விழுது ஒரு கரண்டிக்கு மேல் போகாது. ஊறுகாயைத் தனியாக வைக்க மாட்டார் என்று சொல்ல முடியாது. கிம்ச்சி என்ற காய்கறி ஊறுகாய் எப்போதும் உண்டு.

கொச்சுஜாங் என்ற மிளகாய் விழுது பற்றிய பத்தியிலும் ஒரு குறை. அதில் மிளகாயும் சோயாவும் மட்டுமல்ல, பசையரிசியும் முளைக்கட்டிய பார்லியும் சேரும். கடை டப்பாக்களில் பெரும்பாலும் சோளப்பாகோ அரிசிப்பாகோ கலந்திருக்கும். சர்க்கரைக்காரர்கள் லேபிளைப் படிக்காமல் வாங்க வேண்டாம்.

சித்தப்பாவுக்கு நான் எதுவும் வாங்கித் தரவில்லை. "பத்திரிகையிலேயே போட்டிருக்கிறான், உனக்கு என்ன தெரியும்" என்று கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டார். அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் சொங்குக்ஜாங்கைத் தொட வேண்டாம் என்று அடுத்த இதழில் நீங்களே ஒரு பெட்டிச் செய்தி போட்டால், அதைக் கத்தரித்து அவருக்கு அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தாம்பரம்