விதைக்கு ஏற்ற மிளகாய் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடித்தோட்டக் குறிப்புகள் எழுதுவோர் பலரும், சமையலுக்கு வாங்கிய மிளகாயைக் கீறி விதையை எடுத்து ஊன்றினாலே போதும் என்று முடித்துவிடுகிறார்கள். எந்தக் காயிலிருந்து எடுப்பது என்பதைச் சொல்லாமல் விடுவதால், மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றிய பிறகே பலருக்கு ஏமாற்றம் தெரியவருகிறது.

கடையில் பச்சையாக விற்கும் குடைமிளகாய் முற்றாத காய் என்பதால் அதன் விதை பெரும்பாலும் முளைப்பதில்லை. சிவப்பும் மஞ்சளும் பழுத்தவையாதலால் முளைக்கும். ஆனால் பசுமைக்குடில்களில் விளைந்து வரும் அவை பெரும்பாலும் இரு வேறு ரகங்களைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டு ரகங்கள் என்பதால், அவற்றின் விதையில் எழும் செடிகள் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. தாய்க்காயின் பருமனும் சதைப்பற்றும் அவற்றுக்கு வாய்ப்பது அரிது. ஆண்டுதோறும் சொந்த விதையிலேயே வளர்க்க விரும்புவோர், நம் பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்க்கா மோகினி என்னும் குடைமிளகாயையோ, அர்க்கா லோஹித் என்னும் கார மிளகாயையோ, ராமநாதபுரம் முண்டு, பேடகி போன்ற பாரம்பரிய ரகங்களையோ தேர்ந்துகொள்ளலாம். அதே நிறுவனத்தின் அர்க்கா மேகனா ஒட்டு ரகம். 'அர்க்கா' என்ற முன்பெயரை மட்டும் நம்பி வாங்கிவிடக் கூடாது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்க்கக்கூடியது என்றாலும், பக்கத்துத் தொட்டியின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. குடைமிளகாய்க்கு அருகே கார மிளகாய் இருந்தால் இந்த ஆண்டுக் காயில் எந்த மாற்றமும் தெரியாது. அதன் விதையில் வளரும் அடுத்த தலைமுறைதான் காரமாகக் காய்க்கக்கூடும். (குழந்தைகளுக்கென்று வளர்ப்பவர்கள் இதை அவசியம் நினைவில் கொள்ள வேண்டும்.) மொட்டு விரியுமுன் கிளையை மெல்லிய வலைத்துணிப் பையால் மூடி, பூத்ததும் லேசாக உதறிவிட்டு, பிஞ்சு பிடித்தபின் பையை எடுத்துவிட்டு அக்காம்பில் நூல் கட்டி வைத்தால் விதைக்காய் அடையாளம் தெரியும். அது செடியிலேயே முழுதாகப் பழுத்தபின் பறித்து, விதையை நிழலில் உலர்த்தி, வளைத்தால் ஒடியும் பதத்தில் காற்றுப் புகாத புட்டியில் வைத்தால் ஓரிரண்டு ஆண்டுகள் முளைப்புத் திறன் குன்றாது.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பதை இந்த ஊரில் தொட்டி மிளகாய்க்கு அப்படியே பின்பற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆடியில் இங்கே மூட்டமும் தூறலுமாக இருப்பதால் தொட்டி மண் காயாமல் இளநாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்கின்றன. மார்கழிக் குளிரிலோ முளைப்பதற்கே வெகுநாள் ஆகிறது. மிளகாய் விதைக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பம் உகந்தது என்பதால், மாசியில் விதைப்பதே இங்குள்ள மாடிகளுக்குப் பொருந்தும்.

தோட்டக் குறிப்புகளை வெளியிடும்போது ரகத்தின் பெயரையும் எந்த ஊருக்கு எந்த மாதம் என்பதையும் சேர்த்து அச்சிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். லால்பாக் மலர்க் கண்காட்சிக் காலத்தில் சிறு பொட்டலங்களில் விதை விற்போரும், அது ஒட்டு ரகமா அல்லவா என்பதைக் கண்ணில் படும்படி கன்னடத்திலும் தமிழிலும் குறிப்பிட்டால், வாங்குவோர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிராது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு