கிர்க் தேவாலயமும் உங்க அப்பாவின் கிணற்று உறைகளும்

அன்புள்ள மாப்ளே,

உங்க அப்பா காரியத்துக்கு நான் வரவில்லை, அப்புறம் எட்டு மாதமாக ஒரு வரி எழுதவும் இல்லை. நீ கோபமாக இருந்தால் நியாயம்தான். போன் எடுத்தால் வாய் வரவில்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது.

இப்போது எழுதுவதும் அப்பாவால்தான். எழும்பூரில் கிர்க் என்பார்களே, செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம், ரயிலேற வரும்போதெல்லாம் அதன் கூர்கோபுரத்தைப் பார்த்ததோடு சரி. போன வாரம்தான் உள்ளே போனேன். வட்டமான கூடம், சுற்றிலும் 16 தூண்கள், பளிங்கு போல இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. மேலே 51 அடிக்கும் அதிக அகலத்தில் குவிமாடம், உள்பக்கம் நல்ல நீலம். லண்டன் செயின்ட் மார்ட்டின் தேவாலயத்துக்கு ஜேம்ஸ் கிப்ஸ் என்ற கட்டடக் கலைஞர் இப்படி வட்டமாகத்தான் முதலில் வரைந்தாராம். செலவு கட்டாது என்று அங்கே தள்ளிவிட்டார்கள். அந்த மாதிரியை வைத்து டி ஹேவிலண்ட் என்ற ராணுவப் பொறியாளர் 1818-இல் தொடங்கி 1821-இல் இங்கே கட்டி முடித்தார்.

ஆனால் எனக்கு உடம்பு சிலிர்த்தது அடித்தளத்தைப் பற்றிக் கேட்டபோதுதான். அது நீர் ஊறும் இளகின மண். அவ்வளவு பாரத்தை எப்படித் தாங்கும்? கிணறு இறக்கியிருக்கிறார்கள், மாப்ளே! 14 அடியிலிருந்து 50 அடி ஆழம் வரை, வரிசை வரிசையாக. அந்தக் குவிமாடம் நிற்பது கிணறுகளின் மேல்.

உங்க அப்பா ஆற்றில் செய்த அதே வேலை. உள்ளே மண்ணை வார வார, உறை, அதாவது கிணற்று வளையம், தன் கனத்திலேயே இறங்கும். மேலே அடுத்த உறை. ஒருபக்கம் சாய்ந்தால், "எதிர்ப்பக்கம் வாருடா!" என்று கரையிலிருந்து கத்துவாரே, அந்தக் குரல் கிர்க் கூடத்துக்குள் எனக்குக் கேட்டது. நீ உறைக்குள் இறங்க மாட்டேன் என்று அழுததும், மேலத்தெரு அத்தை அதை ஊர் முழுக்கச் சொன்னதும் கூடவே ஞாபகம் வந்தது.

டி ஹேவிலண்ட் பெயர் இருக்கிறது. அந்தச் சேற்றில் இறங்கி மண் வாரியவர்கள் பெயர் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

அப்பாவின் கறுப்பு நோட்டு இருக்கிறதா? கூட வந்த ஆட்கள் பெயரும் அடிக்கணக்கும் எழுதி வைப்பாரே, அது. பரணில் இருந்தால் கரையான் அரிப்பதற்குள் இறக்கி வை. தை பிறந்ததும் வருகிறேன், இரண்டு பேரும் உட்கார்ந்து படிப்போம்.

உன்
கடைசி பெஞ்சுக்காரன்