பனிப்போர் படித்த ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நம் வாசகர் வட்டம் என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்பதைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவை எனக்குப் பின் பொருளாளர் வாசிப்பார். அதில் சந்தேகம் கேட்க நினைப்பவர்கள் முதலில் சந்தா பாக்கியைக் கட்டிவிட்டுக் கேட்டால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறாமல் இருக்கும்.

ஆண்டு முழுக்க ஒரே தலைப்பில் படிப்பது என்று போன பொதுக்குழுவில் கை தூக்கி முடிவெடுத்தோம். அமெரிக்காவும் சோவியத் யூனியனும் நேரடியாக மோதாமல் முறைத்துக்கொண்டு நின்ற பனிப்போருக்கு 14 கை, சோழர் வரலாற்றுக்கு 11 கை. தோற்ற அணி முதல் இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. மூன்றாவது கூட்டத்துக்கு வந்தார்கள். அன்று சுண்டல் உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் கூட்டம், எங்கிருந்து தொடங்குவது என்ற சண்டையிலேயே முடிந்தது. 1946 மார்ச்சில் சர்ச்சில் அமெரிக்காவுக்குப் போய், ஃபுல்டன் என்ற சின்ன ஊரில் ஐரோப்பாவின் நடுவே சோவியத் ‘இரும்புத்திரை’ விழுந்துவிட்டது என்று பேசினாரே, வம்பை இழுத்தது அதுதான் என்றார் நெய்வேலி அண்ணன். போலந்தில் ஒழுங்காகத் தேர்தல் நடத்துவதாக 1945 யால்டா மாநாட்டில் ஒப்புக்கொண்ட ஸ்டாலின் அதைக் காற்றில் விட்டாரே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்றார் டீச்சர் அம்மா. 1917 ரஷ்யப் புரட்சியிலிருந்தே தொடங்கலாம் என்று தலைவர் சமாதானம் சொல்லப் போக, இருவரும் சேர்ந்து அவர் மீது பாய்ந்தார்கள்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு விளக்கம். நெய்வேலி அண்ணன், சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சர் அம்மா, காமராசர் காலத்து மதிய உணவில் வளர்ந்தவர். 1961-இலிருந்து அந்தத் திட்டத்துக்கு அமெரிக்காவின் கேர் அமைப்பு பால் பவுடரும் தானியமும் எண்ணெயும் கொடுத்தது. ஆளுக்கு ஒரு நன்றிக்கடன். இருவரும் ஆண்டு முழுக்க எதிரெதிர் வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். நடுவில் உட்கார்ந்த எங்களுக்குத் தலைவர் ‘அணிசேரா நாடுகள்’ என்று பெயர் வைத்தார். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடிய 1955 பாண்டுங் மாநாட்டைப் பற்றித் தனிக் கூட்டம் நடத்த இருந்தோம். அந்தப் பெயர் வந்த பிறகு அது தேவைப்படவில்லை.

மே மாதம் பெர்லின் முற்றுகை. 1948 ஜூன் 24 அன்று சோவியத் படை, தன் பகுதிக்கு நடுவே மேற்கு நாடுகளின் வசம் இருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், படகு வழி எல்லாவற்றையும் அடைத்தது. உள்ளே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். சண்டை போட்டு வழி திறக்காமல், அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் சாப்பாட்டையும் கரியையும் விமானத்தில் கொண்டுபோனார்கள். மொத்தம் ஏறத்தாழ 2,78,000 தடவை பறந்து சுமார் 23 லட்சம் டன் இறக்கியிருக்கிறார்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. நிலக்கரியை விமானத்தில் ஏற்றினால் தூசி எங்கெல்லாம் புகும், கருவிகள் என்ன பாடுபடும் என்று நெய்வேலி அண்ணன் கால் மணி நேரம் விளக்கினார். அமெரிக்கர்களை அவர் பாராட்டியது அந்த ஒரு நாள்தான். டீச்சர் அம்மா ஹால்வர்சன் என்ற அமெரிக்க விமானியைப் பற்றிச் சொன்னார். டெம்பல்ஹாஃப் விமான நிலைய வேலிக்கு வெளியே முப்பது பிள்ளைகள் போல நின்றிருந்தார்கள். அவரிடம் இருந்தது இரண்டே சூயிங்கம் பட்டை. கொடுத்தார். கிடைத்தவர்கள் பிய்த்துப் பங்கு போட, கிடைக்காத பிள்ளைகள் சுற்றியிருந்த காகிதத்தை வாங்கி முகர்ந்து பார்த்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் அவர் கைக்குட்டையில் பாராசூட் கட்டி மிட்டாய் போடத் தொடங்கினார். அன்று கூட்டம் முடிந்தும் யாரும் உடனே எழுந்து போகவில்லை.

ஆண்டின் சிறந்த கூட்டம் எது என்று என்னைக் கேட்டால் ஜூன் கூட்டம் என்பேன். தலைப்பு கொரியா. வட கொரியாவுக்கும் தென் கொரியாவுக்கும் நடுவே 1950 ஜூன் 25-இல் தொடங்கிய போர் 1953 ஜூலை 27-இல் நின்றது. நின்றதே தவிர முடியவில்லை. இன்று வரை சமாதான ஒப்பந்தம் கிடையாது. போர் நிற்க இரண்டு ஆண்டு இழுத்ததற்குப் பெரிய காரணம் கைதிகள். சொந்த நாட்டுக்குத் திரும்பமாட்டோம் என்று பிடிவாதமாக இருந்தவர்களை என்ன செய்வது? கடைசியில் ஐந்து நாட்டு நடுநிலைக் குழு ஒன்றை வைத்தார்கள். அதற்குத் தலைவர் நம் ஜெனரல் திம்மையா. காவலுக்குப் போனதும் இந்தியப் படைதான். வட கொரியா, சீனா பக்கத்துக் கைதிகள் சுமார் 22,600 பேர். எதிர்ப் பக்கத்தில் 359 பேர்.

கைதிகளை ஒவ்வொருவராக ஒரு கூடாரத்துக்குள் கூட்டிப்போவார்கள். அவன் நாட்டு அதிகாரி உட்கார்ந்து, ‘ஊருக்கு வா தம்பி’ என்கிற மாதிரி பேசுவார். கூடாரத்துக்கு வெளியேறும் வாசல் இரண்டு. ஒன்றில் போனால் ஊர், மற்றொன்றில் போனால் திரும்ப முகாம். வாய் திறந்து பதில் சொல்லக்கூட வேண்டாம், காலே சொல்லிவிடும். பேசிய எங்கள் இளம் உறுப்பினர் இதை விளக்க, மேடையில் இரண்டு நாற்காலிகளை வாசலாக வைத்து நடந்து காட்டினார். தத்ரூபமாக இருந்தது. நாற்காலி ஒன்றின் கால் உடைந்தது, அந்தச் செலவு பொருளாளர் அறிக்கையில் வரும்.

அப்புறம் அவர் சொன்னதுதான் எங்களில் பலருக்குப் புதுச் செய்தி. 88 பேர் இரண்டு தரப்பும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், சீனாவும் வேண்டாம், தைவானும் வேண்டாம். 76 கொரியர், 12 சீனர். இந்தியப் படை ஊர் திரும்பியபோது இவர்களும் அஸ்டூரியாஸ் என்ற கப்பலில் கூடவே வந்தார்கள். 1954 பிப்ரவரியில் அந்தக் கப்பல் வந்து சேர்ந்த இடம் நம் மெட்ராஸ் துறைமுகம். அங்கிருந்து டெல்லி. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலோர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்விட்டார்கள். சிலர் இந்தியாவிலேயே தங்கிப் பிழைத்தார்கள்.

அன்று நெய்வேலி அண்ணனும் சரி, டீச்சர் அம்மாவும் சரி, அந்த 88 பேருக்கு எதிராக ஒரு வார்த்தை பேசவில்லை. “அந்தப் பசங்களுக்கு மெட்ராசில் இறங்கின அன்னைக்கு என்ன சாப்பாடு போட்டிருப்பாங்க?” என்று மட்டும் டீச்சர் அம்மா கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. எங்களுக்கும் அந்தக் கேள்வி இன்னும் பாக்கி.

ஜூலையில் சமையலறை விவாதம். 1959 ஜூலை 24 அன்று மாஸ்கோவில் சோகோல்னிகி பூங்காவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில், மாதிரிச் சமையலறை ஒன்றின் முன்னால் நின்று அமெரிக்கத் துணை அதிபர் நிக்சனும் சோவியத் தலைவர் குருஷேவும் வாக்குவாதம் செய்தார்கள். சாப்பாட்டை வாயில் வைத்து உள்ளே தள்ளிவிடும் மெஷின் உங்களிடம் இல்லையா என்று குருஷேவ் கிண்டல் செய்ததை நெய்வேலி அண்ணன் நடித்தே காட்டினார். “அடுப்படியில் நின்று சண்டை போட்ட ரெண்டு பேரில் ஒருத்தருக்காவது உலை வைக்கத் தெரியுமா?” என்று டீச்சர் அம்மா கேட்டதோடு கூட்டம் முடிந்தது. ஆகஸ்ட், செப்டம்பர் கூட்டங்கள் சோவியத்தின் முதல் செயற்கைக்கோள் ஸ்புட்னிக், வியட்நாம் போர். இரண்டிலும் வருகை குறைவு. பேசியவன் நான் என்பதால் காரணத்தை ஆராயவில்லை.

அக்டோபரில், கியூபாவில் சோவியத் அணு ஏவுகணைகளை வைத்ததால் வந்த கியூபா நெருக்கடி. இதில் செயலாளர் என்ற முறையில் ஒரு தவறை ஒப்புக்கொள்ள வேண்டும். அழைப்பிதழின் அட்டையில் பெரிதாக ஒரு சிவப்புத் தொலைபேசியைப் போட்டு 200 பிரதி அச்சடித்துவிட்டேன். வெள்ளை மாளிகைக்கும் கிரெம்ளினுக்கும் நடுவே அப்படி ஒரு சிவப்பு போன் இருந்ததாகத்தான் சின்ன வயதிலிருந்து நினைப்பு. கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருவர் எழுந்து, “அங்கிள், அது போனே இல்லை” என்றார். அவர் சொன்னதுதான் சரி. 1963 ஆகஸ்ட் 30-இல் அந்த நேரடி இணைப்பு செயல்பாட்டுக்கு வந்தபோது இரண்டு முனையிலும் இருந்தவை செய்தியைத் தட்டச்சில் அனுப்பும் டெலிபிரின்டர்கள். வாய்ப்பேச்சில் அர்த்தம் மாறிவிடும் என்று எழுத்தையே நம்பினார்கள். லண்டன், கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி வழியாகக் கேபிள் போனது. பின்லாந்தில் ஒரு விவசாயி உழும்போது ஒரு தடவை அது அறுந்தும் போயிருக்கிறது.

அந்த இணைப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்கும் அதே மாணவி ஒரு தகவல் சொன்னார். 1962 அக்டோபரில் உலகம் நூலிழையில் தொங்கிய அந்த நாட்களில், வாஷிங்டனில் இருந்த சோவியத் தூதர் டோப்ரினின் மாஸ்கோவுக்கு அவசரச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால், தனியார் தந்தி நிறுவனத்துக்குப் போன் செய்வார். ஒரு பையன் சைக்கிளில் வந்து சங்கேதத் தந்தியை வாங்கிக்கொண்டு போவான். வழியில் எங்கும் நிற்காமல், எந்தப் பெண்ணோடும் அரட்டை அடிக்காமல் அவன் நேரே ஆபீசுக்குப் போக வேண்டுமே என்று தூதரகத்தில் வேண்டிக்கொள்வார்களாம். டோப்ரினினே பின்னாளில் எழுதியது இது. இவ்வளவு அணுகுண்டையும் செய்து வைத்துவிட்டு, கடைசியில் ஒரு சைக்கிள் பையனின் நல்ல புத்தியை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைக்கு வாசிலி ஆர்கிபோவ் என்ற சோவியத் கடற்படை அதிகாரியைப் பற்றியும் பேசினோம். அக்டோபர் 27. கியூபாவுக்குப் பக்கத்துக் கடலுக்கடியில் பி-59 என்ற சோவியத் நீர்மூழ்கி. உள்ளே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியிருந்தது, பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது, மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. மேலே அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டுகளைப் போட, போர் தொடங்கிவிட்டது என்றே கேப்டன் முடிவுகட்டி அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். கப்பலில் ஒரு டார்பிடோவுக்கு அணுகுண்டுத் தலை இருந்தது மேலே நின்ற அமெரிக்கர்களுக்குத் தெரியாது. ஆர்கிபோவ் ஒத்துக்கொள்ளவில்லை. கேப்டனை அமைதிப்படுத்தி, கப்பலை மேலே கொண்டுவரச் செய்தார். அதற்கு முந்தைய ஆண்டு கே-19 நீர்மூழ்கியில் அணு உலை விபத்து நடந்தபோது உள்ளே இருந்தவர் அவர். கதிர்வீச்சு மனிதனை என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தார். அன்று மாலை நம் கூடத்தில் மின்வெட்டு. விசிறி நின்று, சன்னல் திறக்க வராமல், வியர்த்து ஊற்ற ஊற்ற இதைக் கேட்டோம். திட்டமிட்டுச் செய்தீர்களா என்று சிலர் கேட்டார்கள். இல்லை.

நவம்பர் கூட்டம் பெர்லின் சுவர் இடிந்ததைப் பற்றியது. மழையால் நடக்கவில்லை. ஒத்திவைத்த தேதியிலும் மழை. ஆக, நம் சங்கத்தைப் பொறுத்தவரை சுவர் இன்னும் நிற்கிறது.

டிசம்பரில் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் காலமானார். இந்தப் பொதுக்குழு அவருக்கு ஆழ்ந்த இரங்கலைத் தெரிவித்துக்கொள்கிறது. அவருடைய குடும்பத்தார் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையப் புத்தகங்களை நமக்குக் கொடுத்தார்கள். மாஸ்கோவில் தமிழ் எழுத்துக் கோத்து அச்சடித்து, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக இரண்டு ரூபாய்க்கும் மூன்று ரூபாய்க்கும் விற்ற அதே புத்தகங்கள். கெட்டி அட்டை, தையல் இன்னும் விடவில்லை. ஒரு பெட்டியின் அடியில் ஒரு நாற்பது பக்கக் கணக்கு நோட்டு இருந்தது. அதற்குப் போட்டிருந்த அட்டை ‘சோவியத் நாடு’ பத்திரிகையின் வழவழப்பான தாள். டிராக்டர் ஓட்டும் ஒரு பெண் சிரிக்கிறாள், அவள் தலைக்கு மேல் பேனாவில் ‘ஐந்தாம் வகுப்பு ஆ பிரிவு’. டீச்சர் அம்மா அதை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, “எனக்கும் இப்படித்தான். நோட்டுக்கு அட்டை ரஷ்யா, வயித்துக்குப் பால் அமெரிக்கா” என்றார். நெய்வேலி அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

ஜனவரியில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சதுரங்கப் போட்டி நடத்தி, ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் 1972-இல் அமெரிக்காவின் ஃபிஷரும் சோவியத்தின் ஸ்பாஸ்கியும் மோதிய உலகப் பட்ட ஆட்டத்தைப் பற்றிச் சொன்னோம். ஃபிஷர் 12½, ஸ்பாஸ்கி 8½. ஆறாவது ஆட்டத்தில் தோற்ற ஸ்பாஸ்கியே எழுந்து கை தட்டியது பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, எதற்குத் தட்டினார் என்று கேட்டார்கள். நாற்காலியில் ஏதோ சூழ்ச்சி இருப்பதாகச் சோவியத் தரப்பு புகார் செய்து, எக்ஸ்ரே எல்லாம் எடுத்துப் பார்த்ததில் கடைசியில் விளக்கில் இரண்டு செத்த ஈ கிடைத்தது ரொம்பப் பிடித்தது. சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இருந்த டால் சதுரங்கச் சங்கத்தில்தான் விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகினார் என்றதும் நெய்வேலி அண்ணன் எதிர் வரிசையைப் பார்த்த பார்வையை நான் குறிப்பேட்டில் பதியவில்லை.

பிப்ரவரியில், அமெரிக்க, சோவியத் விண்கலங்கள் விண்வெளியில் இணைந்த 1975-இன் அப்பல்லோ-சோயுஸ். புரொஜெக்டர் பத்தாவது நிமிடத்தில் உயிரை விட்டதால் மீதியை வாயால் சொன்னோம். இரண்டு கலத்தையும் இணைக்கும் கருவியில் ஒன்று நுழைவது, மற்றொன்று ஏற்பது என்று இருந்தால் எந்த நாடு எது என்ற பிரச்சினை வருமே. அதனால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியாக வடிவமைத்தார்கள். ரஷ்யர்கள் ஆங்கிலத்திலும் அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியிலும் பேசிக்கொண்டார்கள். சோவியத் விண்வெளி வீரர் லியோனோவ் ‘வோட்கா’ என்று ஒட்டிய குழாய்களை நீட்டினார், உள்ளே இருந்தது பீட்ரூட் சூப்.

நிர்வாக விஷயங்கள். உறுப்பினர் எண்ணிக்கை 41, போன ஆண்டைவிட ஆறு கூடுதல். கூடத்தின் வாடகையை உயர்த்திவிட்டார்கள், பேச்சுவார்த்தை நடக்கிறது. புது புரொஜெக்டருக்கு நன்கொடை வரவேற்கப்படுகிறது. டிரங்குப் பெட்டிப் புத்தகங்களை எடுத்துப்போனவர்களில் ஒன்பது பேர் இன்னும் திருப்பித் தரவில்லை. யார் யார் என்று எனக்குத் தெரியும், இப்போதைக்குப் பெயர் வாசிக்கவில்லை.

வரும் ஆண்டு சோழர்கள். ஆனால் ஏப்ரல் முதல் ஞாயிறு மட்டும் பழைய பாக்கி, பெர்லின் சுவர். 1989 நவம்பர் 9 மாலை பத்திரிகையாளர் கூட்டத்தில் கையிலிருந்த தாளைச் சரியாகப் படித்துப் பார்க்காமல், எல்லை தாண்டிப் போகும் அனுமதி ‘உடனே அமலுக்கு வருகிறது’ என்று கிழக்கு ஜெர்மனித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி உளறிவைத்த கதையில் தொடங்கி, நெய்வேலி அண்ணனும் டீச்சர் அம்மாவும் சேர்ந்து பேசுகிறார்கள். ஆளுக்கு இருபது நிமிடம். மணி அடிக்கும் பொறுப்பைத் தலைவர் ஏற்றிருக்கிறார். மழை வந்தாலும் கூட்டம் உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்