துப்பறியும் தம்பதிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பறியும் நாவல்கள் பற்றிய உங்கள் கட்டுரைகளில் ரத்தமும் இருட்டும்தான் அலசப்படுகின்றன. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டே குற்றவாளியைப் பிடிக்கும் கதைகளை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அகதா கிறிஸ்டியின் டாமி, டப்பென்ஸ் ஜோடி 1922-இல் வேலையில்லாத இளைஞர்களாக அறிமுகமாகி, 1973 நாவலில் பேரப்பிள்ளைகள் எடுத்த முதியவர்களாக வருகிறது. கூடவே அந்தத் தாம்பத்தியமும் வளர்கிறது. 1941-இல் வந்த உளவு நாவலில் ரகசியப் பணி டாமிக்கு மட்டும்தான். ஒட்டுக்கேட்டுவிட்ட டப்பென்ஸோ, பொய்ப்பெயரில் அவன் உளவு பார்க்கவேண்டிய விடுதிக்கு அவனுக்கு முன்பே போய்க் கம்பளி பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! டாமி திகைத்து நிற்கும் அந்தப் பக்கத்தை என் கணவர் இன்றும் என்னைச் சத்தமாக வாசிக்கச் சொல்வார். அங்கே நகைச்சுவை ஒட்டவைத்த அலங்காரம் இல்லை. மனைவியை விட்டுவிட்டு வேலை நடக்காது என்பதே கதையின் முடிச்சு.

அமெரிக்க எழுத்தாளர் டாஷியல் ஹாமெட்டின் 1934 நாவலில் வரும் நிக், நோரா தம்பதியும் இப்படித்தான், நோராவின் ஓயாத கேள்விகள் இல்லாவிட்டால் நிக் வழக்கின் பக்கமே போயிருக்கமாட்டான்.

நூல் அறிமுகப் பகுதியில் இவர்களைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி