தேடலில் விழும் அந்தப் புள்ளி

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள சிவா,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். பின்னேரமானால் மழை, காலி வீதி முழுக்க வாகன நெரிசல்.

உங்கள் பக்கேஜ் தேடலில், அதாவது நிரல் பொதிகளைத் தேடும் இடத்தில், முதல் முடிவுக்குப் புள்ளி 18.6, ஆறாவதுக்கு 9.3 என்று வருகிறது, முதலாவது இரண்டு மடங்கு நல்லதா என்று கேட்டிருந்தாய். இல்லையடா. அந்த எண்ணுக்கு உச்சம் என்று ஒன்று கிடையாது. ஒரே தேடலுக்குள் எது முன்னே, எது பின்னே என்று அடுக்கத்தான் அது. வேறு சொல்லைத் தேடி வந்த புள்ளியோடு ஒப்பிட்டால் கணக்குப் பிழைத்துவிடும்.

எலாஸ்டிக்சேர்ச் என்ற தேடல் மென்பொருள் என்றால், புள்ளி போடுவது வழக்கமாக பிஎம்25 என்ற கணக்கு முறைதான். அதில் அரிய சொல்லுக்கே கனம். 10,000 பக்கேஜில் 5,000-இல் வரும் ‘லைப்ரரி’க்கு எடை 0.69, பத்தில் மட்டும் வரும் ‘பார்கோட்’டுக்கு 6.86. அதனால் ‘லைப்ரரி’ என்று சேர்த்துத் தேடிப் பெரிய பலனில்லை. ஒரே சொல்லைப் பத்துத் தரம் எழுதி ஏமாற்றவும் முடியாது: ஒரு சொல் திரும்பத் திரும்ப வருவதற்கு எவ்வளவு மதிப்பு என்று தீர்மானிக்கும் கே1 அளவு வழக்கமான 1.2-இல் இருந்தால், சராசரி நீள விளக்கத்தில் புள்ளி ஒரு தரம் எழுதியதன் 1.96 மடங்கோடு நின்றுவிடும்.

எனக்குக் கவலை தருவது நீளக் கணக்கு. விளக்கம் நீண்டால் புள்ளி இறங்கும். பாடுபட்டு விரிவாக எழுதியவர் கீழே போக, ஒரு வரி எழுதியவர் மேலே வருகிறார். பெயர், குறிச்சொல், விளக்கம் மூன்றையும் தனித்தனிப் புலமாக, அதாவது தனியாகப் புள்ளி பெறும் பகுதியாக, வை. 5, 3, 1 என்று எடை கொடுத்துத் தொடங்கிப் பார். டவுன்லோட் எண்ணிக்கையையும் சேர்ப்பதென்றால் மடக்கை எடுத்துச் சேர். அப்படியே பெருக்கினால் பழைய பிரபலங்கள் புதியவற்றை விழுங்கிவிடும்.

ஒரே விளக்கமுள்ள இரண்டுக்கு வேறு வேறு புள்ளி வந்தால் ஷார்ட்களைப் பார்; இன்டெக்ஸ் என்ற தேடல் பட்டியலைப் பிரித்து வைக்கும் துண்டுகள்தான் அவை. ஒவ்வொரு ஷார்ட்டும் சொல்லின் அருமையைத் தன்னளவில் எண்ணுகிறது. சின்ன இன்டெக்ஸுக்கு ஒரு ஷார்ட் போதும்.

இன்னொன்று. 2017-இல் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் பக்கேஜ் களஞ்சியத்தில் ‘குரொஸ்-என்வ்’ பக்கேஜுக்குப் போலியாக, நடுக்கோடு இல்லாத ‘குரொஸ்என்வ்’ வந்து, நிறுவியவர்களின் சூழல் மாறிகளை, அதாவது கடவுச்சொல் போன்றவையும் இருக்கக்கூடிய கணினி அமைப்பு மதிப்புகளை, திருடியது. கோடு போடாமல் தட்டியவருக்கு அச்சொட்டாகப் பொருந்துவது அந்தப் போலிதான். சொல் பொருந்துகிறதா என்பதற்கு மேல் இந்தப் புள்ளிக்கு எதுவும் தெரியாது. நிறுவ முன் மூலநிரல் இருக்கும் களஞ்சியத்தையும் கடைசி வெளியீட்டுத் திகதியையும் கட்டாயம் பார்.

தேடலோடு ‘எக்ஸ்பிளெயின்’ என்ற தெரிவை ‘ட்ரூ’ என்று அனுப்பினால் புள்ளி எந்தச் சொல்லில் எவ்வளவு வந்ததென்று கிளைகிளையாகப் பிரித்துக் காட்டும். முதலாவதையும் ஆறாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அதையே எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
குமரன்