வலைஞர்மடத்தில் ஊற்றிய தண்ணீர்

வன்னிப் பங்குகளின் சுவாமிமாருக்கும், பங்குச் சபையினருக்கும், என்னைப் போன்ற மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும்,

ஆண்டவருக்குத் தோத்திரம்.

2009 மார்ச் மாதம், போரின் கடைசிக் காலம், வலைஞர்மடம் கடற்கரை. எங்கள் பங்கருக்கு, அதாவது பதுங்குகுழிக்கு, அடுத்த பங்கரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. தாய் என்னைக் கூப்பிட்டு, "ரீச்சர், நீங்களே தண்ணி வாத்து விடுங்கோ" என்றாள். செல் விழுந்துகொண்டிருந்த நேரம், சுவாமியைத் தேடிப் போக வழியில்லை. குடிக்க வைத்திருந்த அரைப் போத்தல் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, மூன்று தடவை குழந்தையின் தலையில் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே திருமுழுக்குக் கொடுத்தேன். வெள்ளைத் துணி வேண்டுமே என்று தாய் தேடினாள். சேலைகளை எல்லாம் மண்மூட்டை தைக்க வெட்டியாயிற்று. தைத்து மிஞ்சிய வெள்ளைத் துண்டு ஒன்று சாக்குக்கு அடியில் கிடந்தது. அதை உதறிப் போர்த்தினோம். பக்கத்துப் பங்கர்க்காரி குழந்தையை ஏந்தியிருந்தாள். அவள்தான் ஞானத்தாய்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது.

பதினான்கு வருடம் கழித்து உறுதிப்பூசுதலுக்குப் பெயர் கொடுக்கப் போனபோது, ஒரு பங்கில் அவளிடம் திருமுழுக்குச் சான்றிதழ் கேட்டார்கள். இல்லை என்றதும், "சரி, திரும்பவும் கொடுத்துவிடுவோம்" என்றிருக்கிறார்கள். பிள்ளை அழுதுகொண்டு என்னிடம் வந்தது. திருமுழுக்கை இரண்டாம் தரம் கொடுக்க முடியாது என்பதும், அவசர நேரத்தில் திருச்சபையின் எண்ணத்தோடு யார் கொடுத்தாலும் அது செல்லும் என்பதும், வேறொருவருக்குப் பாதகம் இல்லாத இடத்தில் நம்பத்தக்க ஒரு சாட்சியின் வாக்கே போதும் என்பதும் திருச்சபைச் சட்டத்தில் தெளிவாக இருக்கின்றன. நான் போய் எழுதிக் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார்கள். அதற்கு நன்றி. ஆனால் அந்த ஒரு கிழமை அந்தப் பிள்ளை தான் யார் என்றே தெரியாமல் நின்றது. அதை நான் மறக்கமாட்டேன்.

இந்த மடலை எழுத வைத்தது அதற்குப் பிறகு நடந்தது. குருத்துவத்துக்கும் துறவறத்துக்கும் ஆட்கள் வரவேண்டும் என்று செபிக்கும் இறையழைத்தல் ஞாயிறு அன்று பூசை முடிவில், "உங்களில் யாருக்கு அழைத்தல் இருக்கிறது, கையை உயர்த்துங்கள்" என்று கேட்டார்கள். இரண்டு பொடியன்கள் உயர்த்தினார்கள், எல்லோரும் கை தட்டினோம். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அவள் கேட்டாள்: "ரீச்சர், அப்ப எனக்கு அழைத்தல் இல்லையோ?"

நாங்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தானா?

'முழுக்கு' என்ற சொல்லையே பாருங்கள். செத்த வீட்டுக்குப் போய் வந்தால் முழுகுகிறோம். பிள்ளை பிறந்த வீட்டில் துடக்குக் கழிக்கவும் முழுகுகிறார்கள். ஒருவரோடு உறவை அடியோடு அறுத்தால் 'தலைமுழுகிவிட்டேன்' என்கிறோம். சாவு, பிறப்பு, பழையதை விட்டுவிடுதல் மூன்றையும் நம் பாஷை ஏற்கனவே அந்தத் தண்ணீருக்குள் வைத்திருக்கிறது. உரோமையருக்கு எழுதிய மடலின் ஆறாம் அதிகாரத்தில் பவுல் சொல்வதும் இதுதான்: கிறிஸ்துவோடு சாவுக்குள் புதைக்கப்பட்டு, புது வாழ்வுக்கு எழுகிறோம். அப்புறம் கிறிஸ்மா என்ற அர்ச்சித்த எண்ணெயைப் பூசும்போது குருவாக, இறைவாக்கினராக, அரசராக இருக்கும் கிறிஸ்துவோடு குழந்தையை இணைக்கிறார்கள். அழைத்தல் அங்கேயே, தலை ஈரம் காயும் முன்னரே கொடுத்தாயிற்று. குருத்துவமும் துறவறமும் திருமணமும் அந்த ஒரே வேரில் முளைப்பவை.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், தூய வாழ்வுக்கான அழைப்பு எல்லோருக்கும் உரியது என்பதற்கு ஒரு முழு அதிகாரமே இருக்கிறது. இறையழைத்தல் ஞாயிறும் அதே 1964இல் தொடங்கியதுதான். பின்னதைப் பிடித்துக்கொண்டோம், முன்னதைப் பீடத்தில் இருந்து சொல்லி நான் கேட்டது குறைவு.

இப்படிச் சொன்னால் குருமடத்துக்குப் போகிறவர்கள் குறைந்துவிடுவார்கள் என்று சிலர் பயப்படுகிறார்கள். எங்களுக்குக் குருக்கள் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் குருக்களைத் தடை செய்த பிறகு, 1687இல் கோவாவிலிருந்து யோசவ்வாஸ் சுவாமி மறைவாக வந்து இறங்கும்வரை, இங்கே செபத்தைச் சொல்லிக்கொடுத்து விசுவாசத்தை அணையாமல் காத்தது யார்? மாந்தையிலிருந்து மாதாவின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போனது பிள்ளைகுட்டிக்காரக் குடும்பங்கள். அவர்களுக்கு அழைத்தல் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

ஞானப்பெற்றோர் விஷயத்தையும் சொல்லவேண்டும். இன்று மண்டபம் எடுத்து, கேக் வெட்டி, வீடியோ பிடிக்கிறோம். அவ்வளவு இழந்த சனம் சந்தோஷப்படுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கனடாவிலிருந்து இரண்டு கிழமைக்கு வந்து, சங்கிலி போட்டுவிட்டுப் போகிறவரை ஞானத்தகப்பனாக நிறுத்தினால், அந்தப் பிள்ளைக்கு விசுவாசத்தில் கை கொடுப்பது யார்? அந்தப் பங்கர்க்காரி இன்றைக்கும் பெருநாளுக்குப் புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி வந்து, அந்தப் பிள்ளையின் பக்கத்தில் முழங்காலில் இருக்கிறாள். தங்கம் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை.

சுவாமிமாரே, முடிந்தவரை ஞாயிறு பூசையிலேயே, சனத்துக்கு முன்னால் திருமுழுக்குக் கொடுங்கள். அதற்கு முன் ஞானப்பெற்றோரை இரண்டு தடவையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். அடுத்த இறையழைத்தல் ஞாயிறு அன்று, திருமுழுக்குப் பெற்ற எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று அவசரமானது. அந்தக் கடற்கரையில் தண்ணீர் ஊற்றியவள் நான் ஒருத்தி மட்டும் இல்லை. அப்படி ஊற்றியவர்களுக்கும், பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கும் வயது போகிறது. பங்கு பங்காகக் கூப்பிட்டு, அந்தப் பிள்ளைகளின் பெயர்களை எங்கள் வாயால் கேட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நான் எந்த நாளும் வருவேன். அந்த வெள்ளைத் துண்டை அவளுடைய தாய் இன்னும் வைத்திருக்கிறாள், அதையும் கொண்டுவரச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை