எட்டயபுரத்துச் சுப்பையாவும் செங்கோட்டைச் சுப்பையாவும்

ஆசிரியருக்கு,

வணக்கம். வரலாற்றுத் தலைவர் வேடத்துக்கு மூத்த குணச்சித்திர நடிகர் ஒருவரைப் போட்டிருப்பதைப் பற்றி சென்ற இதழில் எழுதியிருந்த வாசகர், வெளிவந்த ஒரு ஸ்டில்லை மட்டும் பார்த்துவிட்டு, முகமும் ஒட்டாது, வயதும் ஒட்டாது என்று இரண்டே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அவர் ‘கப்பலோட்டிய தமிழ’னை மறுபடி ஒருமுறை பார்க்கட்டும். 1961-இல் பி.ஆர். பந்துலு எடுத்த படம். பாரதியாக வந்தவர் எஸ்.வி. சுப்பையா. அப்போதே அவருக்கு நாற்பது ஆகிவிட்டது. வ.உ.சி.யாக நடித்த சிவாஜிக்கு 33. நிஜத்தில் கணக்கு தலைகீழ். வ.உ.சி. 1872-இல் பிறந்தவர், பாரதி 1882. சுதேசிக் கப்பல் ஓடிய காலத்தில் பாரதிக்கு இருபத்தைந்தை ஒட்டிய வயதுதான். 38-இல் கண்ணை மூடியும்விட்டார். பாரதி எட்டியே பார்க்காத வயதில் இருந்த ஒருவர்தான் இளம் பாரதியாக நின்றார். வயதுக் கணக்குப் பார்த்திருந்தால் மேக்கப் அறை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஆனால் நடந்தது என்ன? எங்கள் பாட்டி, கடைக்காரர் கொடுத்த காலண்டரில் பாரதி படத்தைப் பார்த்துவிட்டு, “நம்ம சுப்பையாவ அப்படியே வரைஞ்சிருக்கான் பாரு” என்றாள். பாரதியையும் வீட்டில் சுப்பையா என்றுதான் கூப்பிட்டார்கள் என்பதால், பாட்டி சொன்னது இரண்டு விதத்திலும் சரி. எட்டயபுரத்துச் சுப்பையாவாக வந்த இவர் செங்கோட்டைக்காரர். (1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது என்று யாரும் மல்லுக்கு வர வேண்டாம். பேச்சு நம்ம பக்கத்துப் பேச்சுதான்.)

அது எடுபட்டதற்குக் காரணம் தலைப்பாகையும் முறுக்கு மீசையும் அல்ல. அவற்றை யாருக்கும் ஒட்டிவிடலாம். அதுவரை சுப்பையாவை அப்பாவாக, அண்ணனாக, ஏழை விவசாயியாகப் பார்த்த ஜனம், அவர் திரையில் நுழைந்ததும் விசில் அடிக்கக் காத்திருக்கவில்லை. சிவாஜி வந்தால் முதலில் சிவாஜிதான் தெரிவார். செக்கிழுக்கும் இடம் வரும்போதுதான் அவர் மறைந்து பிள்ளைவாள் தெரிகிறார். சுப்பையாவுக்கு அந்தச் சுமையே கிடையாது. பத்து வருஷம் கழித்து ‘ஆதிபராசக்தி’யில் அதே முகம் அபிராமி பட்டராகவும் ஆனது.

‘கப்பலோட்டிய தமிழ’னிலேயே வ.உ.சி.யின் தோழர் சுப்பிரமணிய சிவாவாக வந்த டி.கே. சண்முகத்துக்கு ஐம்பதை நெருங்கும் வயது. தொழுநோயோடு சிறைவாசலில் வந்து நிற்கும்போது நிஜ சிவாவுக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. அந்த இடத்தில் யாராவது வயதைக் கணக்குப் போடுவார்களா?

பெரிய நட்சத்திரங்கள் வரலாற்று வேடத்துக்கு ஆகவே மாட்டார்கள் என்றும் நான் சொல்லவில்லை. 2007-இல் பெரியாராக வந்த சத்யராஜின் நக்கல் பெரியாருக்குத் தோதாகவே அமைந்தது.

எனக்குக் குறை என்றால் குரலில்தான். 2000-இல் வந்த ‘பாரதி’யில் சாயாஜி ஷிண்டேயின் கண்ணைப் பார்த்தால் கவிஞன் என்று நம்பலாம். நாடக மேடையில் ஊறிய மராத்தி நடிகர், உழைப்பில் குறை வைக்கவில்லை. ஆனால் கேட்பது இரவல் குரல். கண்ணும் குரலும் ஒரே ஆளுடையதாக இருந்தால் மூக்கு கொஞ்சம் கோணினாலும் பாதகமில்லை.

ஆகவே, மேக்கப் போட்ட ஒரே ஒரு ஸ்டில்லை வைத்துக்கொண்டு இப்போதே அடித்துக்கொள்ள வேண்டாம். அந்த மனிதர் வாயைத் திறந்து நாலு வசனம் பேசட்டும். அப்புறம் பிடிக்கவில்லை என்றால் நானும் சேர்ந்தே திட்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய பட ரசிகன்,
கோவில்பட்டி